பரங்கிமலையில் ஒரு வெனிஸ்காரர்!

இத்தாலி நாட்டு வீடுகளில் அடுப்பும் நினைவும்

கோவிலம்பாக்கத்தில் இருந்து மேடவாக்கம் நெடுஞ்சாலை வழியாக வடக்கே போனால் கீழ்க்கட்டளை வரும். பிறகு நங்கநல்லூர் வரும். அதையும் தாண்டினால் பரங்கிமலை.

ஐரோப்பியர்களை நம் மக்கள் அந்தக் காலத்தில் "பரங்கியர்" என்று அழைத்தார்கள். அவர்கள் வந்து குடியேறியதால் மலைக்கு அந்தப் பெயர் வந்தது.

சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பரங்கிமலையில் ஓர் இத்தாலியர் வீடும் தோட்டமும் வைத்திருந்தார். அவர் பெயர் நிக்கோலாவ் மனூச்சி. சொந்த ஊர் வெனிஸ்.

வெனிஸ் ஒரு விந்தையான நகரம். அங்கே பல தெருக்கள் தண்ணீரால் ஆனவை! வீட்டு வாசலில் வண்டி நிற்காது, படகுதான் நிற்கும்.

அந்த ஊரை விட்டு மனூச்சி ஏன் வந்தார்? அங்கே என்ன சாப்பிட்டு வளர்ந்திருப்பார்? அவருடைய நாட்டு மக்கள் வீட்டில் எப்படி வாழ்கிறார்கள்? இறந்து போனவர்களை எப்படி நினைக்கிறார்கள்?

கேட்டால் வியப்பாக இருக்கும். பல வழக்கங்கள் நம் வீட்டு வழக்கங்கள் போலவே இருக்கின்றன!

கப்பலில் ஒளிந்த சிறுவன்

மனூச்சி 1638-ல் பிறந்தார். 14 வயதில் அவருக்கு ஊர் சுற்றும் ஆசை வந்தது. 1653-ல் யாருக்கும் தெரியாமல் ஒரு கப்பலில் ஏறி ஒளிந்து கொண்டார்.

கப்பலில் இருந்த பெல்லமாண்ட் என்ற ஆங்கிலப் பிரபு சிறுவன் மீது இரக்கம் கொண்டார். தம்முடன் சேர்த்துக் கொண்டார். துருக்கி, பாரசீகம் ஆகிய நாடுகளைக் கடந்து, 1656-ல் இருவரும் சூரத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள்.

அங்கே மனூச்சி கண்ட முதல் அதிசயம் என்ன தெரியுமா? வெற்றிலை!

தெருவில் போகிறவர்கள் எல்லாம் சிவப்புச் சிவப்பாகத் துப்பினார்கள். அது இரத்தம் என்று அவர் பயந்து விட்டார். "இந்த ஊரில் எல்லோருக்கும் பல் பிடுங்குவார்களோ?" என்று ஓர் ஆங்கிலப் பெண்ணிடம் கேட்டார்.

அந்த அம்மாள் விஷயத்தைச் சொல்லி, வெற்றிலை வரவழைத்து, தானும் போட்டுக் கொண்டு அவருக்கும் கொடுத்தாள். மென்றதும் தலை சுற்றியது. முகம் வெளுத்தது. மனூச்சி கீழே விழுந்து விட்டார். வாயில் கொஞ்சம் உப்பைப் போட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்ததாம்!

இதை அவரே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

பெல்லமாண்ட் பிரபு அதே ஆண்டில், டெல்லிக்குப் போகும் வழியில் இறந்து போனார். சிறுவன் தனி ஆள் ஆனான்.

ஆனாலும் மனூச்சி கலங்கவில்லை. டெல்லிக்குச் சென்றார். ஷாஜகான் சக்கரவர்த்தியின் மூத்த மகன் தாராவின் பீரங்கிப் படையில் வேலை கிடைத்தது. அரியணைப் போரில் தாரா தோற்றார். 1659-ல் கொல்லப்பட்டார். அதன் பிறகு மனூச்சி வைத்தியர் ஆனார். எந்தப் பள்ளியிலும் வைத்தியம் படிக்கவில்லை; அனுபவமே பாடம்!

சென்னையில் குடித்தனம்

பல ஊர்கள் சுற்றிய மனூச்சி 1686-ல் சென்னைக்கு வந்தார். எலிசபெத் என்ற விதவையை மணந்தார். அந்த அம்மாளின் தந்தை ஆங்கிலேயர், தாய் போர்ச்சுக்கீசியர்.

சென்னையில் அவருக்கு நல்ல மதிப்பு இருந்தது. பாரசீக மொழி தெரிந்தவர் என்பதால், கவர்னர் தாமஸ் பிட் அவரை நவாப் தாவூத்கானிடம் தூது அனுப்பினார்.

வெளியே மதிப்பு இருந்தது. வீட்டுக்குள் ஒரு துக்கம் இருந்தது. அவருக்கு ஒரே ஒரு ஆண் குழந்தை பிறந்தது. அதுவும் பச்சிளம் பருவத்திலேயே இறந்து விட்டது. 1706-ல் மனைவியும் காலமானார்.

பெயர் சொல்லப் பிள்ளை இல்லை. திரும்பிப் போகவும் வழி இல்லை. அவருக்கு மிஞ்சியது ஒன்றுதான். அது அவர் எழுதிய புத்தகம்.

மொகலாயர் அரண்மனையில் கண்டது, கேட்டது, தான் பட்ட பாடு எல்லாவற்றையும் அவர் எழுதினார். கொஞ்சம் இத்தாலிய மொழி, கொஞ்சம் போர்ச்சுக்கீசியம், கொஞ்சம் பிரெஞ்சு! எழுதும் ஆள் எந்த மொழிக்காரரோ, அந்த மொழியில் சொல்லி எழுதச் செய்தார். ஓவியர்களைக் கொண்டு படங்களும் வரைய வைத்தார்.

அந்த ஏட்டின் ஒரு பிரதி பிரான்சு நாட்டுக்குப் போயிற்று. அங்கே ஒரு பாதிரியார் அதை வைத்து 1705-ல் தம் போக்கில் ஒரு சரித்திரம் வெளியிட்டு விட்டார். மனூச்சிக்குக் கோபம் வந்தது. மற்றொரு பிரதியைச் சொந்த ஊரான வெனிசின் ஆட்சி மன்றத்துக்கே அனுப்பி வைத்தார்.

மனூச்சி ஊர் திரும்பவில்லை. இந்திய மண்ணிலேயே மறைந்தார். ஆனால் அவர் எழுத்து ஊர் திரும்பியது! வெனிஸ் நகரின் மார்சியானா நூலகத்தில் அது இருக்கிறது.

அதே ஆண்டில் மறைந்தவர்

மனூச்சி இந்தியாவில் கால் வைத்த அதே 1656-ல், மயிலாப்பூரில் மற்றோர் இத்தாலியர் மறைந்தார். அவர்தான் தத்துவ போதகர் என்று நாம் அழைக்கும் ராபர்ட் டி நொபிலி.

அவர் 1606-ல் மதுரைக்கு வந்தவர். காவி உடுத்தினார். தமிழும் வடமொழியும் கற்றார். இறைச்சியை விட்டார். சோறும் காய்கறியும்தான் உணவு. அதுவும் ஒரு நாளைக்கு ஒரே வேளை!

ஒருவர் வேறு நாட்டு மக்களோடு ஒட்டி வாழ விரும்பினால், முதலில் மாறுவது இலையில் விழும் சோறுதான் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அரிசியும் மிளகும்

சோறு அவர்களுக்கு முற்றிலும் புதிய பொருள் அல்ல. வட இத்தாலியில் 15-ஆம் நூற்றாண்டிலேயே நெல் பயிரிட்டார்கள். போ என்ற ஆற்றின் சமவெளியில் இன்றும் வயல்கள் இருக்கின்றன.

வெனிஸ் நகரின் பெயர் பெற்ற உணவும் அரிசிதான். அரிசியும் பச்சைப் பட்டாணியும் சேர்த்துக் குழைவாகச் சமைப்பார்கள். ஏப்ரல் 25-ந்தேதி, மாற்கு என்ற புனிதரின் திருநாள். அன்று வெனிஸ் ஆட்சித் தலைவருக்கு இந்தப் பட்டாணிச் சோற்றைப் பரிமாறுவது அந்தக் காலத்தில் வழக்கமாக இருந்தது.

அதில் தூவும் மிளகு எங்கிருந்து போயிற்று? நம் மலையாளக் கரையில் இருந்து! நம் மிளகை வாங்கி ஐரோப்பா முழுவதும் விற்றுத்தான் வெனிஸ் வணிகர்கள் செல்வம் சேர்த்தார்கள்.

இன்று இத்தாலி என்றதும் தக்காளிச் சாறு ஊற்றிய பாஸ்தாதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் மனூச்சி சிறுவனாக இருந்தபோது வெனிசில் அப்படி ஓர் உணவு வழக்கத்தில் இல்லை!

தக்காளி அமெரிக்காவில் இருந்து வந்த காய். 1492-ல் கொலம்பஸ் கடல் கடந்து போன பிறகுதான் ஐரோப்பா அதைக் கண்டது. கண்ட பிறகும் நெடுநாள் பயந்து ஒதுக்கினார்கள். பாஸ்தாவும் தக்காளியும் ஒன்று சேர 18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆயிற்று.

நமக்கும் அதே கதைதானே? மிளகாயும் அமெரிக்காவில் இருந்து வந்ததுதான். போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்தார்கள். அதற்கு முன்பு நம் பாட்டிமார் மிளகுக் காரத்தில்தான் குழம்பு வைத்தார்கள்.

"பழைய காலத்துச் சமையல்" என்று நாம் பெருமையாகச் சொல்வதிலும் பாதி, எங்கிருந்தோ வந்த விருந்தாளி!

ஞாயிறு விருந்து

இத்தாலிக் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முக்கியம். தனிக்குடித்தனம் போன பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் பாட்டி வீட்டில் கூடுவார்கள்.

பாட்டி காலையிலேயே அடுப்பில் இறைச்சிக் குழம்பை ஏற்றி விடுவாள். சிறு தீயில் அது மணிக்கணக்கில் கொதிக்கும்.

பிறகு மாவு. ஓர் ஆளுக்கு 100 கிராம் மாவு, ஒரு முட்டை. இதுதான் கணக்கு. தண்ணீர் விடாமல், முட்டையிலேயே பிசைவார்கள். அரை மணி நேரம் மூடி வைப்பார்கள். அகலமான மரப் பலகையில், நீளமான கட்டையால் காகிதம் போல மெல்லியதாகத் தேய்ப்பார்கள். சுருட்டி, கத்தியால் பட்டை பட்டையாக நறுக்குவார்கள். இது வட இத்தாலி வழக்கம். தெற்கே முட்டை இல்லை; கோதுமை ரவையும் தண்ணீரும்தான்.

முதலில் பாஸ்தா. அடுத்து இறைச்சி அல்லது மீன். பிறகு பச்சைக் காய்கறி. பிறகு பழம். கடைசியில் காப்பி. அவசரம் கிடையாது. பேச்சும் சிரிப்பும் சண்டையும் சமாதானமும் மேஜையிலேயே நடக்கும்!

தட்டில் குழம்பு மிச்சம் இருந்தால் ரொட்டித் துண்டால் வழித்துத் தின்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "ஸ்கார்பெட்டா". "சின்னச் செருப்பு" என்று பொருள்!

பழைய ரொட்டியையும் எறிய மாட்டார்கள். டஸ்கனி என்ற பகுதியில், காய்ந்த ரொட்டியைத் தக்காளியோடும், கீரை பயறோடும் வேக வைத்துக் கூழ் போலச் செய்வார்கள். ஏழைகளின் உணவாக இருந்த அதை இன்று பெரிய ஓட்டல்களில் விலை கொடுத்துச் சாப்பிடுகிறார்கள். நம் பழைய சோற்றுக்கும் அந்த மரியாதை வந்து விட்டது அல்லவா?

மேலே ஏறும் காப்பி

காப்பிப் பாத்திரத்திலும் ஒரு வேடிக்கை உண்டு.

நம் பில்டரில் மேல் தட்டில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றுகிறோம். டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்குகிறது.

இத்தாலி வீடுகளில் "மோக்கா" என்ற எட்டுப் பட்டைப் பாத்திரம் இருக்கும். அலுமினியத்தால் ஆனது. 1933-ல் பியாலெட்டி என்பவர் தொழிற்சாலையில் பிறந்தது. அதில் கீழே தண்ணீர், நடுவில் தூள். அடுப்பில் வைத்தால், நீராவி அழுத்தத்தில் தண்ணீர் தூள் வழியாகப் புகுந்து மேல் தட்டுக்கு ஏறுகிறது.

நம் காப்பி இறங்குகிறது. அவர்கள் காப்பி ஏறுகிறது. எழும் மணம் மட்டும் ஒன்றுதான்!

நாட்டை இணைத்த புத்தகம்

முன்பு இத்தாலி பல சிறு அரசுகளாகச் சிதறிக் கிடந்தது. 1861-ல் ஒரே நாடு ஆயிற்று. ஆனால் ஊருக்கு ஒரு பேச்சு; ஊருக்கு ஒரு சமையல். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது.

அப்போது பெல்லெக்ரினோ ஆர்தூசி என்ற பட்டு வியாபாரி 1891-ல் ஒரு சமையல் புத்தகம் எழுதினார். வெளியிட ஆள் கிடைக்கவில்லை. சொந்தப் பணத்தில் அச்சிட்டார். அப்போது அதில் இருந்தவை 475 சமையல் குறிப்புகள்.

புத்தகத்தைப் படித்த குடும்பப் பெண்கள் பல ஊர்களில் இருந்து அவருக்குக் கடிதம் எழுதினார்கள். "எங்கள் வீட்டில் இப்படிச் செய்வோம்" என்று சொன்னார்கள். ஆர்தூசி அவற்றைச் சமைத்துப் பார்த்துச் சேர்த்தார். கடைசியில் குறிப்புகள் 790 ஆயின! வீட்டுப் பெண்களின் கைப்பக்குவத்தில் நாடு ஒன்று சேர்ந்தது.

அவர் 1911-ல் இறந்தார். புத்தகத்தின் உரிமையை யாருக்கு எழுதி வைத்தார் தெரியுமா? தம் வீட்டில் சமைத்த மரியெட்டா என்ற பெண்ணுக்கும், உடன் வேலை பார்த்த பிரான்செஸ்கோவுக்கும்!

அந்தச் சமையலுக்கு உலகப் பெருமை கிடைத்தது 2025 டிசம்பர் 10-ந்தேதி. ஐ.நா. சபையின் யுனெஸ்கோ நிறுவனம் இத்தாலியச் சமையலை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அதே நாளில் நம் தீபாவளியும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றது.

கூட்டம் நடந்த இடம் டெல்லி செங்கோட்டை. கப்பலில் ஒளிந்து வந்த வெனிஸ் சிறுவன், ஷாஜகான் காலத்தில் பார்த்து வியந்த அதே டெல்லியில்தான்!

நவம்பர் 2

இனி, நினைவு.

நவம்பர் 2-ந்தேதி இத்தாலி முழுவதும் இறந்தவர்களின் நாள். குடும்பம் குடும்பமாகக் கல்லறைக்குப் போவார்கள். கல்லைக் கழுவுவார்கள். விளக்கு ஏற்றுவார்கள். சாமந்திப்பூ வைப்பார்கள்.

நமக்குச் சாமந்தி பூஜைப் பூ. அவர்களுக்கு அது கல்லறைப் பூ. அதனால் ஓர் இத்தாலியர் வீட்டுக்கு விருந்து போகும்போது மறந்தும் சாமந்தி கொண்டு போகக் கூடாது!

தெற்கே சிசிலித் தீவில் ஓர் அழகான வழக்கம் உண்டு. அந்த நாளுக்கு முந்திய இரவில், இறந்து போன தாத்தாவும் பாட்டியும் குழந்தைகளுக்குப் பரிசு கொண்டு வருவார்களாம். விடிந்ததும் குழந்தைகள் வீடெங்கும் தேடுவார்கள். சர்க்கரைப் பொம்மை கிடைக்கும். பாதாம் பருப்பும் சர்க்கரையும் சேர்த்துச் செய்த, உண்மைப் பழம் போன்ற இனிப்புக் கிடைக்கும்.

பார்த்தே இராத தாத்தாவின் பெயரை அந்தக் குழந்தை இனிப்போடு தெரிந்து கொள்கிறது!

நம் ஊரில் மறைந்தவருக்குப் பிடித்த பலகாரத்தைச் செய்து படையல் போடுகிறோம். பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் பகுதிகளில் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் அதே நவம்பர் 2-ந்தேதியைக் கல்லறைத் திருநாளாகக் கொண்டாடுகின்றன. நாடு வேறு; நெஞ்சு ஒன்று.

விரிப்பில் எழுதிய வாழ்க்கை

மாந்துவா என்பது வட இத்தாலியில் ஒரு மாவட்டம். தமிழில் "தேம்பாவணி" பாடிய வீரமாமுனிவர் 1680-ல் பிறந்தது அந்த மாவட்டத்தில்தான்.

அதே மாவட்டத்தில் கிளேலியா மார்க்கி என்ற ஒரு குடியானவப் பெண் இருந்தார். 1912-ல் பிறந்தவர். படித்தது இரண்டாம் வகுப்பு. வயல் வேலையே வாழ்க்கை. எட்டுக் குழந்தைகள் பெற்றார்; நான்கைப் பறிகொடுத்தார்.

1972-ல் அவர் கணவர் அந்தேயோ விபத்தில் இறந்து போனார். இரவில் தூக்கம் வரவில்லை. கிளேலியா எழுத உட்கார்ந்தார். கிடைத்த காகிதத்தில் எல்லாம் எழுதினார்.

ஓர் இரவு காகிதம் தீர்ந்து விட்டது. அவர் அலமாரியைத் திறந்தார். கலியாணத்துப் படுக்கை விரிப்பு இருந்தது. இனி அதைக் கணவரோடு சேர்ந்து விரிக்கப் போவதில்லை. அந்த வெள்ளை விரிப்பில் தம் வாழ்க்கைக் கதையை எழுதத் தொடங்கினார்! வரி வரியாக, விளிம்பு வரை எழுதினார். கணவர் படத்தையும் தம் படத்தையும் மேலே வைத்தார்.

அந்தக் கதைக்கு அவர் ஊர்ப் பேச்சில் வைத்த பெயருக்கு, "ஒரு பொய் கூட இல்லை" என்று பொருள்.

1986-ல் அவர் அந்த விரிப்பைப் பியேவே சாந்தோ ஸ்தெபானோ என்ற சிற்றூருக்குக் கொண்டு போய்க் கொடுத்தார். ஏன் அந்த ஊர்?

இரண்டாம் உலகப் போரில், 1944-ல், பின்வாங்கிய ஜெர்மானியப் படை அந்த ஊரை வெடி வைத்துத் தகர்த்து விட்டது. பழைய வீடுகள் போயின. பழைய நினைவுகளும் போயின. அந்த ஊரில் 1984-ல் சவேரியோ தூத்தினோ என்ற பத்திரிகையாளர் ஒரு காப்பகம் தொடங்கினார். சாதாரண மக்களின் நாட்குறிப்பு, கடிதம், வாழ்க்கைக் கதை ஆகியவற்றைச் சேர்த்து வைக்கும் இடம் அது. ராஜாக்களின் சரித்திரம் அங்கே இல்லை. குடியானவர், தொழிலாளி, போர் வீரர், தாய் ஆகியோரின் சரித்திரம் இருக்கிறது.

சிசிலியில் வின்சென்சோ ரபீத்தோ என்ற கூலித் தொழிலாளி இருந்தார். 1899-ல் பிறந்தவர். பள்ளிக்குப் போகாதவர். தாமாகவே எழுத்துக் கற்றார். வயதான காலத்தில் அறையைப் பூட்டிக் கொண்டு, தட்டச்சு யந்திரத்தில் தம் கதையை அடித்தார். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஓர் அரைப்புள்ளி வைத்தார்! பக்கங்கள் 1,027. அவர் மறைந்த பிறகு மகன் அதை அந்தக் காப்பகத்தில் சேர்த்தார். 2007-ல் அது புத்தகமாக வந்தது. நாடே படித்து வியந்தது.

எழுத்துப் பிழை இருந்தது, இலக்கணம் இல்லை. உண்மை இருந்தது. அது போதுமே!

நம் வீட்டில்?

மனூச்சிக்குப் பெயர் சொல்லப் பிள்ளை இல்லை. கிளேலியாவுக்குப் பெரிய படிப்பு இல்லை. ரபீத்தோவுக்குப் பள்ளிக்கூடமே இல்லை. எழுதி வைத்ததால்தான் இன்று நாம் அவர்களை அறிகிறோம்.

நம் வீட்டுப் பாட்டிக்கும் ஒரு கதை இருக்கிறது. கோவிலம்பாக்கம், நன்மங்கலம், மேடவாக்கம் பகுதிகளில் வயலும் ஏரியும் இருந்த காலத்தைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் களத்தில் நெல் அடித்தார்கள், எந்தக் குளத்தில் தண்ணீர் எடுத்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். வற்றல் குழம்புக்கு எத்தனை கை புளி என்பதும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்த பிறகு, பள்ளிக்குப் போகும் பேத்தி ஒரு 40 பக்க நோட்டை எடுத்துக் கொண்டு பக்கத்தில் உட்காரட்டும். "சொல்லுங்க பாட்டி" என்று கேட்கட்டும். சொல்வதை அப்படியே எழுதட்டும்.

வெனிஸ் பட்டாணிச் சோறு

(4 பேருக்கு)

தேவை: பச்சரிசி 300 கிராம், தோலோடு பச்சைப் பட்டாணி 1 கிலோ, வெங்காயம் 1, வெண்ணெய் 2 மேஜைக் கரண்டி, துருவிய சீஸ் ஒரு கைப்பிடி, மிளகுத் தூள், உப்பு, கொஞ்சம் கொத்தமல்லித் தழை.

செய்முறை: பட்டாணியை உரித்துக் கொள்ளவும். தோலை எறிய வேண்டாம். கழுவி, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் உப்புப் போட்டு நன்றாக வேக வைத்து வடிகட்டவும். இந்தச் சாறுதான் ருசி.

பாதி வெண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தை வதக்கவும். பட்டாணியைச் சேர்த்துக் கொஞ்சம் சாறு விட்டு வேக விடவும். பிறகு அரிசியைப் போட்டுக் கிளறவும். சூடான சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கொண்டே வரவும்.

கஞ்சிக்கும் சோற்றுக்கும் இடைப்பட்ட பதத்தில் இறக்கி, மீதி வெண்ணெய், சீஸ், மிளகுத் தூள், தழை சேர்த்துச் சூடாகப் பரிமாறவும்.

வெனிசில் வேறு தழை போடுவார்கள். கொத்தமல்லி நம் ஊர் வழக்கம். மிளகு மட்டும் அங்கேயும் இங்கேயும் ஒன்றே!